ஸ்கிரீன் ஆஃப் ஆனா ஆப் செத்துப்போகுது, ஐபோன்லயாவது இது ஒழுங்கா ஓடுமா?

வேன்ஆப்_தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். ஸ்கூல் வேன் இப்ப எங்க வருதுன்னு பேரன்ட்ஸ் பாக்குற மாதிரி ஒரு சின்ன ஆப் பண்ணிட்டு இருக்கேன். டிரைவர் போன்ல ஒண்ணு, பேரன்ட்ஸ் போன்ல ஒண்ணு, நடுவுல ஒரு சர்வர், அவ்ளோதான். டிரைவர் காலைல வண்டில ஏறுனதும் "ட்ரிப் ஆரம்பி" பட்டனை அமுக்குவாரு, அதுல இருந்து லொகேஷன் போய்க்கிட்டே இருக்கணும்.

என் போன்ல சூப்பரா ஓடுது, டிரைவர் அண்ணன்ங்க போன்ல தான் கூத்தே. ஒருத்தர்கிட்ட பட்ஜெட் போன் (கம்பெனி பேர் வேணாம்), ஸ்கிரீனை அணைச்சு பாக்கெட்ல போட்டா கொஞ்ச நேரத்துல லொகேஷன் நின்னுடுது, ஆப்பை திறந்தா திரும்ப உயிர் வருது. இன்னொருத்தர்து புது போன், ஆண்ட்ராய்டு 15, அதுல காலைல ஒழுங்கா ஓடுது ஆனா சாயங்கால ட்ரிப் நேரத்துக்கு பாத்தா ஆப் க்ராஷ் ஆகி கிடக்கு. காலைல ஆரம்பிச்சதை அவர் நடுவுல நிறுத்தறதே இல்ல, அதையும் சொல்லிடறேன்.

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (நோட்டிபிகேஷன் காட்டிக்கிட்டே ஸ்கிரீன் ஆஃப்லயும் ஓடற வேலை) தான் போட்டிருக்கேன், டைப் டேட்டாசிங்க் (டேட்டா அனுப்பி வாங்கறது), டார்கெட் ஏபிஐ 35 (அதாவது ஆண்ட்ராய்டு 15 ரூலுக்கு எழுதுனது), லொகேஷன் பர்மிஷன் "எப்பவும் அனுமதி", பேட்டரி ஆப்டிமைசேஷன்ல இருந்தும் விலக்கு வாங்கியாச்சு. இதுக்கு மேல என்னத்த கேக்கறது டிரைவர்கிட்ட?

இதுல கிளையன்ட் வேற ஐபோனுக்கும் கேக்கறாரு. ஒரு ஃப்ரெண்ட் ஐஓஎஸ்ல பேக்கிரவுண்ட்ல எதுவுமே ஓடாதுங்கறான், இன்னொருத்தன் ஆண்ட்ராய்டை விட அதுல தான் நிம்மதிங்கறான். யாரை நம்பறது?


கொட்லின்காரி:

தம்பி, உங்களுக்கு இருக்கறது ஒரு பிரச்சனை இல்ல, சம்பந்தமே இல்லாத ரெண்டு பிரச்சனை. தனித்தனியா பாருங்க.

முதல்ல அந்த ஆண்ட்ராய்டு 15 போன். ஏபிஐ 35 டார்கெட் பண்ற ஆப்ல டேட்டாசிங்க் டைப் சர்வீஸ் பேக்கிரவுண்ட்ல 24 மணி நேரத்துக்கு மொத்தம் 6 மணி நேரம் தான் ஓடலாம். அது முடிஞ்சதும் சிஸ்டம் ஆன்டைம்அவுட்னு ஒரு கால்பேக் (நேரம் முடிஞ்சுதுன்னு ஆப்புக்கு ஒரு தகவல்) கொடுக்கும், அதுல உடனே ஸ்டாப்செல்ஃப் கூப்பிட்டு சர்வீஸை நிறுத்தலைன்னா எக்ஸெப்ஷன் அடிச்சு ஆப்பையே கவுத்துடும். காலைல ஆரம்பிச்சு நிறுத்தாம விட்டா சாயங்காலத்துக்குள்ள 6 மணி நேரம் ஓடிப்போச்சு, அதான் உங்க க்ராஷ். லாக்கை பாருங்க, அதுலயே எழுதியிருக்கும்.

இதுக்கு டைமரை ஏமாத்த வழி தேடாதீங்க, டைப்பை மாத்துங்க. நீங்க அனுப்பறது லொகேஷன், டைப்பும் லொகேஷனா தான் இருக்கணும், அதுக்கு இந்த 6 மணி நேர கணக்கு கிடையாது. மேனிஃபெஸ்ட்ல (ஆப்புக்கு என்னென்ன வேணும்னு எழுதற ஃபைல்) ஃபோர்கிரவுண்ட்_சர்வீஸ்_லொகேஷன் பர்மிஷனும் சேக்கணும், ஆண்ட்ராய்டு 14ல இருந்து டைப் சொல்லாம சர்வீஸ் ஆரம்பிக்கவே முடியாது, ப்ளே கன்சோல்லயும் (ப்ளே ஸ்டோருக்கு ஆப்பை ஏத்தற இடம்) எதுக்கு இந்த டைப்னு ஒரு டிக்ளரேஷன் கொடுக்கணும். இதுல ஒரு லாபமும் இருக்கு பாருங்க: டிரைவர் ஆப்பை திறந்து வச்சு அவரே பட்டனை அமுக்கறதால, அதாவது ஆப் கண்ணுக்கு முன்னாடி இருக்கும்போதே சர்வீஸ் ஆரம்பிக்கறதால, "ஆப் பயன்படுத்தும்போது மட்டும்"ங்கற பர்மிஷனே போதும். "எப்பவும் அனுமதி" கேட்டா கூகுள் தனியா ஒரு ஃபார்ம், வீடியோ எல்லாம் கேட்டு ரிவ்யூல உக்கார வச்சுடுவாங்க, அந்த தலைவலியும் போச்சு. பர்மிஷன் குறைய குறைய ரிவ்யூ சீக்கிரம் முடியும், இது என் அனுபவம்.

அடுத்து அந்த பட்ஜெட் போன். அது ஆண்ட்ராய்டோட சட்டமே இல்ல, கம்பெனிக்காரன் மேல வச்ச சட்டம். நீங்க வாங்குன பேட்டரி விலக்கு கூகுளோட டோஸ் மோடுக்கு (போன் சும்மா கிடந்தா ஆப்ஸை தூங்க வைக்கறது) தான் செல்லும், கம்பெனி தன் கைக்கு ஒரு பேட்டரி மேனேஜர் வச்சிருப்பான், அவன் அதை மதிச்சாத்தான் உண்டு. செட்டிங்ஸ்ல ஆட்டோஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கும் அதை ஆன் பண்ணணும், பேட்டரில "கட்டுப்பாடு இல்லை"னு வைக்கணும், சில போன்ல ரீசன்ட்ஸ் லிஸ்ட்ல ஆப்புக்கு பூட்டு வேற போடணும். டோன்ட் கில் மை ஆப்னு ஒரு சைட் இருக்கு, எந்த கம்பெனி போன்ல எங்க போய் எதை அமுக்கணும்னு படத்தோட போட்டிருப்பாங்க. தூக்கத்தை அளக்கற ஒரு அலாரம் ஆப் பண்றவங்க நடத்தற சைட் அது. அவங்க அலாரமே அடிக்காம போன கடுப்புல ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.

இன்னொண்ணு, ஊகிக்காதீங்க. ஆண்ட்ராய்டு 11ல இருந்து கெட்ஹிஸ்டாரிக்கல்பிராசஸ்எக்ஸிட்ரீசன்ஸ்னு ஒரு ஏபிஐ இருக்கு, உங்க ஆப் போன தடவை எதனால செத்துச்சுன்னு அதுவே சொல்லும், மெமரி பத்தலையா, யூசர் நிறுத்தினாரா, க்ராஷான்னு. ஆப் திறக்கும்போதெல்லாம் அதை படிச்சு சர்வருக்கு அனுப்புங்க. ஏன் சொல்றேன்னா ஆண்ட்ராய்டு 13ல இருந்து நோட்டிபிகேஷனை கீழ இழுத்தா ஓடிட்டு இருக்கற ஆப் லிஸ்ட்டும் பக்கத்துல "நிறுத்து" பட்டனும் காட்டும், அதை அமுக்குனா ஆப் மொத்தமா போயிடும், உங்களுக்கு ஒரு கால்பேக்கும் வராது. டிரைவர் அண்ணன் கை பட்டு அது நடந்தா நீங்க ராத்திரியெல்லாம் கோடை தோண்டிட்டு இருப்பீங்க.


கூண்டுக்கிளி_77:

ஐபோன் பக்கமே போகாதீங்க ப்ரோ. மேக் வாங்கணும், ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர் கட்டணும், கட்டலைன்னா உங்க சொந்த போன்ல நீங்க எழுதுன ஆப்பே 7 நாள்ல காலாவதி ஆகிடும். ப்ரவுசர் எழுதணும்னா அவன் இன்ஜின் வெப்கிட் தான், கோடை வேகமா ஓட்டற ஜிட் கம்பைலர் கிடையாது, வேற ஸ்டோர் கிடையாது, யூரோப்காரன் சட்டம் போட்டு மிரட்டுன பிறகு 2024 மார்ச்ல ஐஓஎஸ் 17.4 வந்தப்ப அங்க மட்டும் கொஞ்சம் கதவை திறந்தான், நமக்கு அதுவும் இல்ல. பேக்கிரவுண்ட் வேலைக்கு 30 செகண்ட் கொடுப்பான் அவ்ளோதான். அது போன் இல்ல, ஜெயில். ஆண்ட்ராய்டுல கூகுளுக்கு 25 டாலர் ஒரே தடவை, ஏபிகேவை (ஆப் ஃபைல்) வாட்ஸ்ஆப்ல அனுப்பி இன்ஸ்டால் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டு போயிட்டே இருக்கலாம்.


பழைய_சிம்பியன்:

ஜெயில் ஜெயில்னு சொல்றவங்க எல்லாம் எந்த வருஷம் பொறந்தீங்கன்னு தெரியல, கொஞ்சம் பழைய கதை சொல்றேன், கேள்வி கேட்ட தம்பிக்கும் இது உதவும்.

நாங்க சிம்பியன்ல (அந்தக் காலத்து நோக்கியா போன்ல ஓடுன ஓஎஸ்) எழுதும்போது மல்டிடாஸ்கிங் முழுசா இருந்துச்சு, பாட்டு ஓடும் மேப் ஓடும் சாட் ஓடும் யாரும் யாரையும் கொல்ல மாட்டாங்க, ரேம் தீர்ந்தா தான் பிரச்சனை. ஆனா சுதந்திரம் இருந்துச்சான்னா அதான் இல்ல. சிம்பியனோட எஸ்60 மூணாவது எடிஷன் 2006ல வந்ததுல இருந்து ஒவ்வொரு வேலைக்கும் கேப்பபிலிட்டின்னு ஒரு அனுமதி, கொஞ்சம் ஆழமா போகணும்னா சிம்பியன் சைன்ட்ல கையெழுத்து வாங்கணும், சர்டிபிகேட் காலாவதி ஆனா இன்ஸ்டால் ஆகாது, ஜனங்க போன் தேதியை பின்னாடி தள்ளி வச்சு இன்ஸ்டால் பண்ணுவாங்க. ஓடறதுக்கு தடை இல்ல, உள்ள வர்றதுக்கு தான் தடை.

2008ல ஆப் ஸ்டோர் வந்தப்ப ஆப்பிள் நேர் எதிரா போனான். முன்னாடி நிக்கற ஆப் மட்டும் தான் ஓடும், ஹோம் பட்டனை அமுக்குனா செத்துச்சு. 2009ல ஐபோன் ஓஎஸ் 3ல புஷ் நோட்டிபிகேஷன் கொடுத்தான், 2010ல ஐஓஎஸ் 4ல தான் மல்டிடாஸ்கிங்னு ஒண்ணு வந்துச்சு, அதுவும் 3ஜி மாடலுக்கு கிடையாது. வந்ததும் எல்லாத்துக்கும் இல்ல, பாட்டு, இன்டர்நெட் கால், லொகேஷன்னு நோக்கத்தை சொல்லி கேட்டா கிடைக்கும், மத்தபடி பாதில இருக்கற வேலையை முடிச்சுக்க 10 நிமிஷம். அந்த 10 நிமிஷம் ஐஓஎஸ் 7ல சுமார் 3 நிமிஷமா தேஞ்சு, ஐஓஎஸ் 13ல 30 செகண்டா ஆச்சு. கூண்டுக்கிளி சொன்ன 30 செகண்ட் இது தான், ஆனா லொகேஷனுக்கு இந்த கணக்கே வராது, அதை அவர் சொல்லல.

விண்டோஸ் போன் பாத்திருக்கீங்களா? 2010ல 7 வந்தப்ப வெளிய போன ஆப்பை கொன்னுட்டு அது எந்த நிலைமைல இருந்துச்சுன்னு மட்டும் குறிச்சு வச்சுப்பான், டூம்ப்ஸ்டோனிங்னு பேரே வச்சான், கல்லறை கல்லு. அடுத்த வருஷம் 7.5ல பேக்கிரவுண்ட் ஏஜென்ட் கொடுத்தான், அது 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை 25 செகண்ட் ஓடும், 6 எம்பி மெமரி, 14 நாள் யூசர் ஆப்பை திறக்கலைன்னா அதுவும் நின்னுடும். இன்னைக்கு ஆண்ட்ராய்டோட வொர்க்மேனேஜரை (பேக்கிரவுண்ட் வேலையை நேரம் பாத்து ஓட்டறது) எடுத்துக்கோங்க, திரும்ப திரும்ப ஓடற வேலைக்கு குறைஞ்சது 15 நிமிஷ இடைவெளி, ரொம்ப நாள் தொடாத ஆப்பை அபூர்வம்னு ஒரு பக்கெட்ல தள்ளி இன்னும் இறுக்குவான். அன்னைக்கு விண்டோஸ் போனை பாத்து சிரிச்சவங்க எல்லாம் இன்னைக்கு அதே ரூலுக்கு தான் கோடு எழுதறோம்.

நோக்கியா என்900 தான் என் செல்லம், 2009, மேமோன்னு ஒரு ஓஎஸ், முழு லினக்ஸ், டெர்மினல் கையோடவே வரும், எல்லா விண்டோவும் சின்ன சின்னதா உயிரோட ஓடிட்டு இருக்கும். சார்ஜர் கூடவே இருக்கணும், அது வேற விஷயம். அதே வருஷம் பாம் ப்ரீன்னு ஒரு போன் வந்துச்சு, கார்டு கார்டா தள்ளி மேல தூக்கி எறிஞ்சா ஆப் மூடும், இன்னைக்கு ரெண்டு பக்கமும் செய்யற அந்த ஸ்வைப் அங்க இருந்து வந்தது தான். அதுல ஓடுன வெப்ஓஎஸ்ஸோட டிசைனர் மத்தியாஸ் துவார்த்தே 2010ல கூகுளுக்கு போனாரு.


மொட்டைமாடி_கோடர்:

ஐஓஎஸ் பக்கம் வேலை பாக்கறவன், கேள்விக்கு நேரா வர்றேன்.

டிரைவர் ஆப் ஐபோன்ல தாராளமா ஓடும். பேக்கிரவுண்ட் மோட்ஸ்ல லொகேஷனை டிக் பண்ணுங்க, அலவ்ஸ்பேக்கிரவுண்ட்லொகேஷன்அப்டேட்ஸ் ட்ரூ வைங்க, ஆப் திறந்திருக்கும்போது அப்டேட்டை ஆரம்பிங்க, அப்புறம் ஸ்கிரீன் ஆஃப் பண்ணாலும் ஓடும், மேல நீலமா ஒரு அடையாளம் தெரியும். இதுக்கும் "பயன்படுத்தும்போது" பர்மிஷன் போதும். எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு, பாசஸ்லொகேஷன்அப்டேட்ஸ்ஆட்டோமேட்டிக்கலி. இது தானாவே ட்ரூ. வேன் ஸ்கூல் வாசல்ல ரொம்ப நேரம் நின்னா சிஸ்டம் இனிமே இவர் நகர மாட்டாருன்னு முடிவு பண்ணி அப்டேட்டை நிறுத்திடும், வண்டி கிளம்புனாலும் ஆப்பை திறக்கற வரைக்கும் திரும்ப வராது. அதை ஃபால்ஸ் பண்ணிடுங்க.

பேரன்ட்ஸ் ஆப்ல பேக்கிரவுண்ட்ல எதையும் ஓட்டாதீங்க. அவங்களுக்கு வேண்டியது வண்டி பக்கத்துல வந்துச்சான்னு ஒரு தகவல், அதை சர்வர் கணக்கு போட்டு புஷ்ஷா அனுப்பட்டும். சைலன்ட் புஷ்ஷை (யூசருக்கு காட்டாம ஆப்பை மட்டும் எழுப்பற தகவல்) நம்பாதீங்க, சிஸ்டம் அதை தன் இஷ்டத்துக்கு தள்ளிப்போடும், யூசர் ஆப்பை மேல தள்ளி மூடியிருந்தா அவர் திரும்ப திறக்கற வரைக்கும் அது ஆப்பை எழுப்பாது. கண்ணுக்கு தெரியற நோட்டிபிகேஷன்னா ஆப் மூடியிருந்தாலும் வரும். லாக் ஸ்கிரீன்லயே வண்டி நகர்றது தெரியணும்னா லைவ் ஆக்டிவிட்டி இருக்கு, ஐஓஎஸ் 16.1ல இருந்து, 8 மணி நேரம் வரைக்கும் உயிரோட இருக்கும், ஒரு ட்ரிப்புக்கு தாராளம்.

கூண்டுக்கிளி சொன்ன காசு கணக்கு சரி தான், மேக், 99 டாலர் எல்லாம் உண்மை. ஆனா ஜெயில்ங்கறீங்களே, இந்த ஜெயில்ல ரூல் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கும், எல்லா ரூம்லயும் ஒரே ரூல். நான் ஒரு போன்ல டெஸ்ட் பண்ணது இன்னொரு போன்லயும் அப்படியே நடக்கும். ஆண்ட்ராய்டுல கூகுள் எழுதுன டாகுமென்ட்டை வரிக்கு வரி படிச்சாலும் டிரைவர் பாக்கெட்ல இருக்கற போன் எப்ப கொல்லும்னு உங்களால சொல்ல முடியாது. தடை எவ்ளோ கடுமைன்னு பாக்காதீங்க, முன்கூட்டியே தெரியுமான்னு பாருங்க, டெவலப்பருக்கு அது தான் சோறு.


கூண்டுக்கிளி_77:

@மொட்டைமாடி_கோடர் ஆண்ட்ராய்டுல நான் விரும்பினா ரூலையே மாத்திக்கலாம்ல தல? அது தான் வித்தியாசம். டிரைவர் போன் நம்ம கைல இருக்கு, செட்டிங்ஸை மாத்திட்டு போறோம்.


கொட்லின்காரி:

@கூண்டுக்கிளி_77 அந்த "விரும்பினா மாத்திக்கலாம்" வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வருது சகோ. 2015ல ஆண்ட்ராய்டு 6.0ல டோஸ், 2017ல 8.0ல பேக்கிரவுண்ட் சர்வீஸுக்கே ஆப்பு, லொகேஷன் மணிக்கு சில தடவை தான்னு ஆச்சு, 2019ல 10ல பேக்கிரவுண்ட்ல இருந்து ஸ்கிரீனை திறக்கறது போச்சு, 2021ல 12ல பேக்கிரவுண்ட்ல இருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸே ஆரம்பிக்க முடியாம போச்சு, அதே 12ல ஆப்ஸ் ஆரம்பிக்கற சைல்ட் பிராசஸ் எல்லாம் சேந்து 32க்கு மேல போனா கொல்ற ஒண்ணு வந்து டெர்மக்ஸ் (போன்ல லினக்ஸ் டெர்மினல் தர்ற ஆப்) யூஸ் பண்றவங்க அலறுனாங்க. 14ல சரியான நேரத்துக்கு அலாரம் வைக்கற பர்மிஷன் புதுசா இன்ஸ்டால் பண்ற ஆப்ஸுக்கு தானா கிடைக்காது. பழைய டார்கெட்லயே உக்காந்துக்கலாம்னா ப்ளே ஸ்டோர் 2018ல இருந்து டார்கெட் ஏபிஐயை ஏத்த சொல்லி விரட்டுது.

வாட்ஸ்ஆப்ல ஏபிகே அனுப்பறதும் எத்தனை நாளைக்குன்னு தெரியல. ஸ்டோருக்கு வெளிய இன்ஸ்டால் பண்ற ஆப்புக்கும் டெவலப்பர் தன்னை அடையாளம் காட்டணும்னு 2025 ஆகஸ்ட்ல கூகுள் அறிவிச்சாச்சு, 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேஷியா, சிங்கப்பூர், தாய்லாந்துல ஆரம்பிச்சு அப்புறம் மத்த நாடுன்னு. ஜனங்க கத்துனதும் விஷயம் தெரிஞ்சவங்களுக்கு தனி வழி வைக்கறோம்னு சொன்னாங்க. 25 டாலர் கதையும் முழுசா சொல்லுங்க, புதுசா தனிநபர் அக்கவுண்ட் திறந்தா 12 பேரை வச்சு 14 நாள் தொடர்ந்து டெஸ்ட் பண்ணா தான் ப்ரொடக்ஷனுக்கே விண்ணப்பிக்க முடியும். தம்பி, உங்களுக்கு டிரைவருங்களும் பேரன்ட்ஸும் இருக்காங்க, 12 பேர் சுலபம், இப்பவே சேத்துடுங்க, கடைசி வாரத்துல ஆள் தேடாதீங்க.

இன்னொரு பக்கம் ஆப்பிள் மெல்ல திறக்கறான், ஐஓஎஸ் 26ல யூசர் ஆரம்பிச்ச பெரிய வேலையை ஆப்பை விட்டு வெளிய போனாலும் முடிச்சுக்கலாம்னு ஒரு டாஸ்க் வந்திருக்கு, முன்னேற்றம் காட்டணும், யூசர் நிறுத்தலாம். ஆண்ட்ராய்டு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸை வேற பக்கத்துல இருந்து பாத்த மாதிரி இருக்கு எனக்கு.


சும்மா_பாக்க_வந்தவன்:

டெவலப்பர் இல்ல நான், ஒரு சந்தேகம். ஆப்பை எல்லாம் மேல தள்ளி மூடுனா பேட்டரி மிச்சமாகும்னு சொல்வாங்களே, எங்க வீட்ல எல்லாரும் மணிக்கு ஒரு தடவை அதை தான் பண்றாங்க. தப்பா அது?


பழைய_சிம்பியன்:

வேண்டாத வேலை. 2016ல இதை ஆப்பிள்ல சாஃப்ட்வேர் பாத்துக்கிட்டிருந்த கிரெய்க் ஃபெடரிகிகிட்டயும் கேட்டாங்க, அப்ப ஆண்ட்ராய்டு பொறுப்புல இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் பேசினாரு, ரெண்டு பேரும் பிரயோஜனம் இல்லைன்னு தான் சொன்னாங்க. அந்த லிஸ்ட்ல தெரியற ஆப்ல பாதி ஓடவே இல்ல, உறைஞ்சு கிடக்கு. மூடிட்டு திரும்ப திறந்தா முதல்ல இருந்து ஏத்தணும், அதுக்கு தான் கரண்ட் போகும். தொங்கிப்போன ஆப்பை மட்டும் மூடுங்க. வேன் ஆப் மாதிரி ஏதாவது வீட்ல இருந்தா அதை தள்ளாதீங்க, தம்பி பாவம்.


வேன்ஆப்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. கொட்லின்காரி அக்கா சொன்ன மாதிரி டைப்பை லொகேஷனுக்கு மாத்தி "எப்பவும் அனுமதி"யை எடுத்துட்டேன், அந்த ஆண்ட்ராய்டு 15 போன் இப்ப சாயங்காலம் வரைக்கும் நிக்குது, லாக்லயும் அந்த டைம்அவுட் தான் இருந்துச்சு. பட்ஜெட் போன்ல ஆட்டோஸ்டார்ட்டும் பூட்டும் போட்டு பாத்தா பரவால்ல, எக்ஸிட் ரீசன் சர்வருக்கு வந்துட்டு இருக்கு, அதுல ஒரு தடவை யூசர் நிறுத்துனதாவே வந்துச்சு, அண்ணன்கிட்ட கேட்டா "அந்த நோட்டிபிகேஷன் என்னவோ வந்துட்டே இருந்துச்சு தம்பி, அதான் ஸ்டாப் குடுத்தேன்"ங்கறாரு.

கடைசியா ஒண்ணு. மதியம் போன் சார்ஜ் தீந்து ஆஃப் ஆகி திரும்ப ஆன் பண்ணா சர்வீஸை தானா ஆரம்பிக்க முடியுமா? பூட் கம்ப்ளீட்டட் ரிசீவர் (போன் ஆன் ஆனதும் ஆப்புக்கு தகவல் சொல்றது) போட்டா எக்ஸெப்ஷன் அடிக்குது.


கொட்லின்காரி:

அடிக்கும். பூட் ஆனப்ப உங்க ஆப் கண்ணுக்கு முன்னாடி இல்ல, "பயன்படுத்தும்போது" பர்மிஷனை வச்சுக்கிட்டு அங்க இருந்து லொகேஷன் டைப் சர்வீஸை ஆரம்பிக்க 14ல இருந்து விட மாட்டான். அதுக்காக "எப்பவும் அனுமதி"க்கு திரும்ப போகாதீங்க. பூட் ரிசீவர்ல சர்வீஸை ஆரம்பிக்காம ஒரு நோட்டிபிகேஷன் மட்டும் போடுங்க, "ட்ரிப் பாதில நிக்குது, தொடர இங்க தொடுங்க"னு பெரிய எழுத்துல. அவர் தொட்டா ஆப் திறக்கும், திறந்ததும் சர்வீஸை ஆரம்பிங்க. 13ல இருந்து நோட்டிபிகேஷனுக்கே பர்மிஷன் கேக்கணும், அதை முதல் நாளே வாங்கி வச்சுக்கோங்க. சர்வர் பக்கமும் ட்ரிப் நேரத்துல சில நிமிஷமா லொகேஷன் வரலைன்னா ஸ்கூல் ஆபீஸுக்கு ஒரு அலர்ட் போகட்டும், போனே செத்துட்டா போன்ல எழுதுன எந்த கோடும் உதவாதுல்ல.

அந்த ஸ்டாப் குடுத்த அண்ணனுக்கு நோட்டிபிகேஷன்ல "லொகேஷன் சர்வீஸ் இயங்குகிறது"ன்னு போட்டிருப்பீங்க, அதை "பேரன்ட்ஸ் வண்டியை பாத்துட்டு இருக்காங்க"ன்னு மாத்தி பாருங்க.


வேன்ஆப்_தம்பி:

அக்கா, அப்படியே தான் போட்டிருந்தேன், எப்படி கண்டுபிடிச்சீங்க? மாத்திடறேன்.